சோழன் ஏமாந்த துறைமுகம்

சிங்கப்பூருக்கு யாரும் ராஜா அரண்மனை பார்க்கப் போவதில்லை. முஸ்தபாவில் சாமான் வாங்க வேண்டும், தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிட வேண்டும், மெர்லயன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். போன வாரம்தான் கட்டி முடித்து வெள்ளையடித்தது போல் நிற்கிற நகரத்தில் கோட்டை கொத்தளத்தைத் தேடுவானேன்? ஆனால் நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். எந்த ஊருக்குப் போனாலும் "இங்கே யார் ராஜா?" என்று கேட்காமல் இருக்க முடியாது.

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருந்த தேநீர்க் கடையிலும் அதையே கேட்டேன்.

"அரண்மனையா சார்? இஸ்தானா இருக்கு. தீபாவளிய ஒட்டி ஒருநாள் கேட்டைத் திறந்து விடுவாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடுங்க" என்றார் கல்லாவில் இருந்தவர்.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் விடவில்லை. "அது ராஜா வீடு இல்ல தம்பி, கவர்னருக்குக் கட்டுனது. கட்டச் சொன்னது வெள்ளைக்காரன், கட்டுனது நம்ம ஆளுங்க. ராஜா வீடு பாக்கணும்னா கம்போங் கிளாமுக்குப் போங்க. நடக்கிற தூரந்தான்."

போகிற வழியில், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அங்கே செட்டிநாட்டு வாசற்கதவு ஒன்றை நிலையோடு பெயர்த்து வந்து வைத்திருக்கிறார்கள். தேக்கில் இம்மி இடம் விடாமல் செதுக்கல். காரைக்குடியில் இதே மாதிரிக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறவர்கள், இங்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

அரபு ஊர்களின் பெயரில் தெருக்களும் பாய்க்கடை, துணிக்கடைகளும் சூழ, கம்போங் கிளாமில் சுல்தான் வீடு நிற்கிறது. அரண்மனை என்றதும் மனத்தில் எழும் கோபுரம், கொத்தளம் எதுவும் இல்லை. மலாய் அரசர்களுக்குரிய மஞ்சள் நிறத்தில், இரண்டு மாடியில், ஒரு ஜமீன்தார் பங்களா அளவுக்குத்தான் இருக்கிறது. இதை 1840களில் கட்டியவர் சுல்தான் அலி. அவருடைய தகப்பனார் சுல்தான் ஹுசேன் கதை அதைவிடச் சுவையானது. ஜோகூர் சுல்தான் 1812இல் இறந்தபோது ஹுசேன்தான் மூத்த மகன், ஆனால் பட்டம் இளையவருக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் கடை விரிக்க இடம் தேடிய கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ராஃபிள்ஸ், ஒதுக்கப்பட்ட இந்த அண்ணனைத் தேடிப்பிடித்து அழைத்துவந்து சுல்தானாக்கினார். 1819 பிப்ரவரி 6ஆம் தேதி, பட்டம் கட்டிய கையோடு ஒப்பந்தமும் கையெழுத்தானது. சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி. ஐந்தே வருடத்தில், 1824இல், 33,200 வெள்ளியும் மாதம் 1,300 வெள்ளியும் என்று பேசித் தீவு முழுவதையும் கும்பினி எழுதி வாங்கிவிட்டது. நம் ஊர் நவாபுகளுக்கும் மராட்டிய மன்னருக்கும் நடந்ததுதான். ஒப்பந்தக் காகிதமும் மாதப்படியும் இருக்கும், ராஜ்யம் மட்டும் இருக்காது. சுல்தானின் வாரிசுகள் இந்த வீட்டிலேயே 1999 வரை குடியிருந்தார்கள். பிறகு அரசு எடுத்துக்கொண்டது. 2005இல் அது மலாய் மரபுடைமை நிலையம் ஆனது.

பக்கத்திலேயே சுல்தான் பள்ளிவாசல். இப்போதுள்ள கட்டடம் 1932இல் முடிந்தது. பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. கல் பதித்திருக்கிறார்கள் என்றுதான் கீழிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அண்ணாந்து உற்றுப் பார்த்தால் வட்ட வட்டமாக மினுங்குகிறது. அத்தனையும் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். பணக்காரர்கள் நன்கொடை தந்தபோது, காசு கொடுக்க வழியில்லாத ஏழைகள் பங்குக்குச் சேர்ந்தவை அந்தப் புட்டிகள். சுல்தான் பெயரைத் தாங்கிய பள்ளியில் என் கண்ணுக்கு ராஜகளையோடு தெரிந்தது அந்தப் புட்டி வரிசைதான்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்தானா. வரிசையில் நின்று உள்ளே போனால், ஆர்ச்சர்ட் சாலையின் இரைச்சல் பத்தடியில் அற்றுப்போகிறது. 106 ஏக்கர். ஒருகாலத்தில் ஜாதிக்காய்த் தோட்டம். மேட்டின் மேல் வெள்ளை மாளிகை; அகன்ற தாழ்வாரங்களும் சாய்பலகைச் சன்னல்களுமாக, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே நுழைகிற மாதிரி. 1867இல் தொடங்கி 1869இல் முடித்தார்கள். திட்டம் போட்டவர் மேஜர் மெக்நேர், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்.

பெரியவர் சொன்னது இதைத்தான். சென்னை ராஜதானிக் கைதிகள் 80 பேர் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து கப்பலில் 1825 ஏப்ரலில் வந்து இறங்கினார்கள். அடுத்த அரை நூற்றாண்டு சிங்கப்பூரின் சாலை, பாலம், கலங்கரை விளக்கம் எல்லாவற்றிலும் இந்தியக் கைதிகளின் வியர்வை இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கட்டியதுதான். அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி போல வழுக்கியது. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காயக் காயத் தேய்த்து மெருகேற்றிய சுவர். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீடுகளில் வெயில் நேரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவோமே, அதே குளுமை. விலங்கு மாட்டிக் கப்பலேற்றினாலும் கைத்தொழிலைக் கரையில் இறக்கிவைத்துவிட்டு வர முடியாதல்லவா? அவர்கள் கட்டிய இஸ்தானாதான் இன்றைக்கு அதிபர் மாளிகை. 1999 முதல் 2011 வரை எஸ்.ஆர். நாதன் அங்கே அதிபராக இருந்தார், 2023இல் தர்மன் சண்முகரத்தினம் அதிபராக நுழைந்தார். இருவரும் தமிழ் வம்சாவளியினர்.

இதுவரை பார்த்தது 200 வருடக் கதை. அதற்கு முந்திய ராஜாக்களைப் பார்க்க ஃபோர்ட் கேனிங் மேட்டில் ஏற வேண்டும். ஆங்கிலேயர் வந்தபோது இதன் பெயர் புக்கிட் லாராங்கான்; பழைய மன்னர்களின் ஆவி உலவும் இடம் என்று மலாய்க்காரர் ஒருவரும் மேலே காலெடுத்து வைக்கத் துணியவில்லை. இப்போது வழுவழுப்பான படிகள், நகரும் படிக்கட்டு, ஓட்டப்பயிற்சி செய்கிற இளைஞர்கள். நடுவே மரக்கூரை வேய்ந்த மண்டபத்தில் ஒரு சமாதி, அந்தப் பழைய மன்னர்களில் ஒருவரான இஸ்கந்தர் ஷாவுடையது என்கிறது மரபு. பக்கத்தில் 1984இல் அகழாய்வு நடந்த குழியை அப்படியே கூரை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகளும் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. அரண்மனைப் பட்டறை இங்கே இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

1928இல் இதே மேட்டில் நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டிய கூலியாட்களின் மண்வெட்டியில் தங்கம் தட்டுப்பட்டது. அடிவாரத்தில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்தில் அதைப் பார்க்கலாம். ஒரு கடகம். அதன் பட்டயத்தில் பிதுங்கிய கண்ணும் விரிந்த வாயுமாய் ஒரு முகம். ஜாவாவில் அதற்குக் காலன் என்று பெயர். நமக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. கோயில் தோரணங்களின் உச்சியில் இருந்து நம்மை உறுத்துப் பார்க்கிற அதே கீர்த்திமுகம். மேட்டில் இருந்த ராஜகுலத்தில் யாரோ ஒருவர் தோளில் ஏறியிருந்தது, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குத்தான் இருக்கிறது.

அந்த அரும்பொருளகத்தில் என்னை நகரவிடாமல் நிறுத்தியது தங்கம் அல்ல, ஒரு உடைந்த கல். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமுமாக ஒரு பாறை நின்றிருந்தது. அதில் சுமார் 50 வரி எழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை. 1843இல் கோட்டைக்கு இடம் வேண்டும் என்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தவர். அழித்ததை எண்ணி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் கொள்ளுப்பாட்டி நாகூர்த் தமிழச்சி. மிஞ்சிய சில துண்டுகளில் ஒன்று இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. தேய்ந்த மணற்கல். விளக்கைச் சாய்த்துப் போட்டிருப்பதால் எழுத்துகள் வளைவு வளைவாகத் தெரிகின்றன. பழைய ஜாவாவின் காவி எழுத்தின் சாயல் என்கிறார்கள். 2019இல் ஆய்வாளர் இயன் சின்க்ளேர், இதில் 'கேசரிவ' என்று ஓரிடத்தில் படிக்கலாம், அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் துண்டாக இருக்கலாம் என்றார். இது கருத்துத்தான், தீர்ப்பு அல்ல. ஆனால் பரகேசரி என்பது ராஜேந்திரன் சூடிய பட்டம். தஞ்சாவூர்க்காரன் அந்தக் கண்ணாடியை விட்டு எப்படி நகர்வான்?

1025 வாக்கில் ராஜேந்திரன் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பியதைப் பெரிய கோயில் கல்வெட்டு ஊர் ஊராகப் பட்டியலிடுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் எல்லாம் உண்டு. சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசிக் அதில் இல்லை. ஆனால் தெமாசிக்காரர்களின் கதையில் சோழன் இருக்கிறான். மலாய் அரச வரலாற்றைச் சொல்லும் 'செஜாரா மெலாயு'வில் வரும் ராஜா சூலான், சோழப் படையெடுப்பின் நினைவுதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

சூலான் கணக்கற்ற படையோடு சீனாவைப் பிடிக்கக் கிளம்பித் தெமாசிக் வந்து சேருகிறான். சேதி கேட்டுச் சீனச் சக்கரவர்த்தி பதறுகிறார். அமைச்சர் ஒரு தந்திரம் செய்கிறார். ஒரு மரக்கலத்தில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும் காய்த்துக் குலுங்கும் மரங்களையும் பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். "சீனா இன்னும் எவ்வளவு தூரம்?" என்று சூலானின் ஆட்கள் விசாரிக்கிறார்கள். "அதை ஏன் கேட்கிறீர்கள்? கிளம்பியபோது நாங்கள் சின்னப் பையன்கள். இந்த மரங்கள் நாங்கள் நட்ட விதைகள். இதோ இந்த ஊசிகள், அப்போது கைப்பருமன் இரும்புக் கம்பிகள், வழியிலேயே துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டன" என்கிறார்கள் கிழவர்கள். இவ்வளவு தூரமா என்று மலைத்துப்போய்ச் சூலான் படையைத் திருப்பிவிடுகிறான். அப்புறம் கண்ணாடிப் பெட்டியில் ஏறிக் கடலுக்கடியில் போகிறான். அங்கே ராஜகுமாரியை மணக்கிறான். அவன் வழித்தோன்றலான சங் நீல உத்தமாதான் தெமாசிக்கில் சிங்கத்தைக் கண்டு சிங்கபுரம் என்று பெயரிட்டவன் என்று கதை முடிகிறது. அந்தக் குடியேற்றத்துக்கு மரபாகச் சொல்லப்படும் ஆண்டு 1299.

கல்வெட்டில் எந்த ராஜாவும் ஏமாறுவதில்லை. வெட்டச் சொன்னவன் அவன்தானே. அடி வாங்கிய கரையில் பிறந்த கதை, படையெடுத்து வந்தவனை ஊசியைக் காட்டி ஏமாற்றித் திருப்பி அனுப்புகிறது. பிறகு அவனையே மாப்பிள்ளையாக்கித் தங்கள் அரச குலத்துக்கு மூதாதையாகவும் ஆக்கிக்கொள்கிறது. பகைவனைப் பழிப்பதைவிட அவன் பெயரைச் சொத்தாக எடுத்துக்கொள்வதில் சாமர்த்தியம் அதிகம். கடாரம் கொண்டான் என்று மார்தட்டுகிற நாம் நம் கணக்கை மட்டுமே படித்திருக்கிறோம். எதிர்க்கரையின் கணக்கையும் படிக்க ஒரு நாள் போதும். முஸ்தபா இரவிலும் திறந்துதான் இருக்கிறது.