உடம்படுமெய்

இரண்டு உயிரெழுத்துகள் நேருக்கு நேர் வந்து நின்றால் அவை தாமாக ஒன்றுசேர்வதில்லை. இடையே யகரமோ வகரமோ தோன்றி இரண்டையும் இணைத்து வைக்கும். 'மணி' என்பதும் 'அடித்தது' என்பதும் சேர்ந்து 'மணியடித்தது' ஆகும். இணைக்க வரும் அந்த மெய்க்கு நம் இலக்கண ஆசிரியர்கள் இட்ட பெயர் உடம்படுமெய். உடம்படுதல் என்றால் இசைதல் என்று பொருள் கூறிவிட்டு, அடுத்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதுவது முப்பது ஆண்டுகளாக என் வழக்கம். அந்த விதி என் உடம்பிலேயே ஒருநாள் நடந்தேறும் என்று எண்ணியதில்லை.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மருந்துகளால் நோயை அடக்கலாம். அது திரும்பாதிருக்க வேண்டுமானால் எலும்பு மச்சை மாற்று வேண்டும் என்றனர் மருத்துவர்கள். உடன்பிறந்தார் ஒருவருடைய அணுக்கள் முழுமையாகப் பொருந்துவதற்குரிய வாய்ப்பு நான்கில் ஒன்று. நாங்கள் ஐவர் பிறந்தோம். மற்ற நால்வரும் சோதனைக்கு இரத்தம் கொடுத்தனர். கடைசித் தம்பி ஒருவன் மட்டுமே பொருந்தினான். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுதவனைத் தோளில் தூக்கிச் சென்ற அண்ணன் நான்.

இச்சிகிச்சையைப் பலர் அறுவை என்றே எண்ணுகின்றனர். கத்தியே இல்லை. தம்பிக்குச் சில நாள் ஊசி போட்டு, எலும்புக்குள் இருக்கும் குருத்தணுக்களை இரத்தவோட்டத்துக்கு வரச் செய்தனர். பின்னர் ஒரு பொறியின் வழியே அவன் இரத்தத்தைச் செலுத்தி, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மிகுதியை அவனுக்கே திருப்பிவிட்டனர். எனக்கோ அதற்கு முன்பே கடுமையான மருந்துகளைச் செலுத்தி என் சொந்த மச்சையை அழித்திருந்தனர். 2022 ஆகஸ்டு மாதம் ஒரு பிற்பகலில், சாதாரண இரத்தம் ஏற்றுவதுபோல ஒரு சிறு பையைத் தொங்கவிட்டனர். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற தம்பி தொலைபேசியில், "அவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டான். அவன் குரலில் சிறிது ஏமாற்றம் இருந்தது.

அந்தச் சிறு பைக்குப் பின்னால் நெடுங்கால முயற்சி இருக்கின்றது. 1956-இல் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் இரட்டையருள் ஒருவருடைய மச்சையை மற்றவருக்குச் செலுத்திக் காட்டினார். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய சுரேஷ் அத்வானி 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு இதனைச் செய்தார். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே மருத்துவம் கற்றவர் அவர். 1986-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், 1987-இல் நம் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இச்சிகிச்சை தொடங்கிற்று.

நான் இருந்த அம்பாங் மருத்துவமனையில் அடுத்த அறையில் தோட்டப்புறத்து இளைஞர் ஒருவர் இருந்தார். அவருக்கு உடன்பிறந்தார் ஒரே தங்கை. அவளுடைய அணுக்கள் பொருந்தவில்லை. அந்நியர் ஒருவரிடம் பெறவேண்டுமாயின், பெரும்பாலும் நம் இனத்தாரிடையேதான் பொருத்தம் அமையும். நம் நாட்டில் 2000-இலும், சென்னையில் 'தாத்ரி' என்னும் பெயரில் 2009-இலும் இதற்கென்றே கொடையாளர் பதிவகங்கள் தோன்றின. பதிந்துகொள்வதற்குக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்த பஞ்சோ சிறிதளவு இரத்தமோ போதும். ஆயினும் எலும்பைக் குடைவார்கள் என்னும் அச்சம் நம்மவரை விட்டபாடில்லை. பாதிப் பொருத்தம் உள்ள பெற்றோரிடமிருந்தும் இப்போது பெறுகின்றனர். எல்லார்க்கும் அது ஒத்துவருவதில்லை. அந்த இளைஞர் எனக்கு முன்பே வீடு திரும்பினார். மாற்று செய்யாமலே திரும்பினார். பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கரைப் பயிற்றும் ஆசிரியர்கள் இந்த ஒரு பத்தியையேனும் வகுப்பில் வாசித்துக் காட்டுவார்களாயின் மகிழ்வேன்.

மூன்றாம் வாரத்தில் தம்பியின் அணுக்கள் என் எலும்பில் வேரூன்றின. செப்டம்பரில் சுங்கை பினாங்குக்குத் திரும்பினேன். நாடெங்கும் முகக்கவசம் கட்டாயமில்லை என்று அறிவித்த மாதம் அது. ஊரார் கழற்றினர், நான் இறுக்கிக் கட்டினேன்.

நோயைப் பற்றி எழுதுவோர் மருத்துவமனை வாயிலோடு நிறுத்திவிடுகின்றனர். உண்மையான பாடம் அதன்பிறகே தொடங்குகின்றது. குளித்து முடித்துச் சட்டை அணிவதற்குள் இளைப்பு மேலிட்டுக் கட்டிலில் அமர்ந்துவிடுவேன். நாக்கில் எதுவும் உறைக்காது; இரசமும் மைலோவும் ஒன்றே போல இரும்புச் சுவையாக இருந்தன. பேராக் சாலைச் சந்தைக்குப் போகக்கூடாது, கடைச் சோறு கூடாது, வெயில் கூடாது, பூந்தொட்டி மண்ணைத் தொடக்கூடாது. மண்ணில் உள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்குமாம். ஆனால் தம்பியின் அணுக்கள் என் உடம்பை அயலென்று எதிர்க்காதிருக்கக் காலையும் மாலையும் நான் விழுங்கிய சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தோ, நார்வே நாட்டு மண்ணில் கண்டெடுத்த பூஞ்சை ஒன்றிலிருந்து பெறப்பட்டது! மண்ணை அஞ்சியவன் மண் தந்ததை உண்டு பிழைத்தேன். அம்மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் ஈப்போ உறவினர் அன்போடு கொணர்ந்த தம்பூன் பம்பளிமாசையும் அண்டை வீட்டாருக்கே கொடுத்தோம்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தண்ணீர்மலைக்குச் செல்லும் வெள்ளி இரதத்தை, வழியில் இருந்த நண்பர் வீட்டு மாடியிலிருந்து சாளரத்தின் வழியே கண்டேன். அதற்குள் தலையில் முடி முளைத்துவிட்டது. அதுதான் வம்பாயிற்று. முடியைப் பார்த்தவர்கள் எல்லாரும், "முழுக்க நலமாகிவிட்டீர்கள்!" என்று மகிழ்ந்தனர். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராமல் தலையசைத்து வைப்பேன். அவர்கள் சென்றபின் இரண்டு மணி நேரம் படுத்திருப்பேன்.

ஓராண்டு முடிவில் பணிக்குத் திரும்பலாமா என்னும் கேள்வி எழுந்தது. நண்பர்கள் அலுவலகப் பணிக்கு மாற்றல் கேட்கச் சொன்னார்கள். என் துணைவியார் அதற்கும் இசையவில்லை. "இவ்வளவு பாடுபட்டுப் பிழைச்சிட்டு, மூக்கொழுகுற பிள்ளைங்க நடுவுல போய் நிக்கணுமாங்க?" என்றார். அதில் நியாயம் இருந்தது. எனக்குத் தொற்று வருவதற்கு ஆரம்பப்பள்ளியைவிடத் தகுந்த இடம் வேறில்லை. எனக்குத் தெரிந்த வாழ்க்கையும் அந்த இடத்தில்தான் இருந்தது. மருத்துவர் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். துணைவியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பையில் கைகழுவும் நீர்மப் புட்டி ஒன்றை வைத்திருந்தார்.

பள்ளியில் சபைகூடலை மாடி நடையிலிருந்து நடத்தினேன். மாணாக்கரின் பயிற்சிப் புத்தகங்களை வாங்கியதும் கைகழுவினேன். என் துணைத்தலைமையாசிரியை ஓராண்டில் பள்ளியை நான் வைத்திருந்ததைவிட ஒழுங்காக வைத்திருந்தார் என்பதையும் கண்டேன். மகிழ்ந்தேன், சிறிது வருந்தினேன் என்பதும் உண்மை. இரண்டாம் மாதம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவனுக்குச் சின்னம்மை கண்டது. அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அவனை அன்று, என்னை! மூன்று வாரம் மருந்தும் அச்சமுமாகக் கழிந்தன. துணைவியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே பெரிய சொல்லாக இருந்தது. ஒன்றும் வராமற்போகவே மீண்டும் சென்றேன்.

ஏ வகையாக இருந்த என் இரத்தம் தம்பியின் ஓ வகையாக மாறிவிட்டது. "இனிமே நீங்கதாண்ணே எனக்குத் தம்பி" என்று அவன் கேலி செய்கிறான். ஒரு வகையில் அது சரியே. பழைய மச்சையோடு, பிள்ளைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பயனும் பெரும்பாலும் போய்விடுகின்றது. பச்சைக் குழந்தைபோல எல்லாவற்றையும் மீண்டும் போட்டுக்கொள்ளவேண்டும். தட்டம்மைக்கான ஊசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. ஆகவே இரண்டாண்டு கழிந்து, எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் நின்றபிறகே அதனைப் போடுவர்.

எனக்கு அந்த ஊசி போட்டது 2024-இன் இறுதியில். அடுத்த சில நாளில் சுகாதாரத் தாதியர் பள்ளிக்கு வந்து முதலாம் ஆண்டு மாணாக்கருக்கும் தட்டம்மை ஊசி போட்டனர். வரிசையில் கடைசியில் நின்று விம்மிக்கொண்டிருந்த சிறுமியிடம், நானும் இதே ஊசியைப் போட்டுக்கொண்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. சட்டைக் கையைச் சற்று உயர்த்திக் காட்டினேன்.

"ஐயா, உங்களுக்கு யாரு கையப் பிடிச்சிக்கிட்டா?" என்று கேட்டாள்.

"தம்பி" என்றேன்.

அவள் தன் கையை நீட்டினாள். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அதைப் பிடித்துக்கொண்டேன்.