பொடி எழுத்து

வீட்டு விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதும் என் வானொலி வேலையில் ஒரு பகுதி. நான்கு அறை, விசாலமான முற்றம், நெடுஞ்சாலைக்கு ஐந்தே நிமிடம். எல்லாவற்றையும் முப்பது விநாடிக்குள் சிரித்த முகத்தோடு சொல்லி முடிக்க வேண்டும். முகம் சிரிக்காவிட்டால் குரல் சிரிக்காது. அதே வீடு நாளிதழில் அரைப்பக்க விளம்பரமாக வரும்போது, அடியில் எறும்பு ஊர்வதுபோல் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். பத்து ஆண்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தும் அந்த வரிகளை நான் படித்ததில்லை. அப்பாவுக்கு வேலை குறைந்த பிறகுதான் படித்தேன்.

அப்பா கிள்ளானில் இரும்பு கிரில், கேட் செய்பவர். ஒரு பட்டறை, ஒரு பழைய லோரி, இரண்டு வேலையாட்கள். ஒரு வீட்டில் கேட் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விலை கேட்பார். கோயில் திருவிழாவில் யாராவது தோளைத் தட்டி, "அண்ணே, எங்க வீட்டுக்கும் வந்து அளந்துட்டுப் போங்க" என்பார். அவருடைய விளம்பரம் அவ்வளவுதான். "நல்லா செஞ்சா தேடி வருவாங்க பாப்பா" என்பார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பட்டறையைப் பூட்டினோம். திறந்த பிறகு தேடி வந்தவர்கள் பாதிகூட இல்லை.

நான் ஊடகவியல் படித்தவள். ஆளைத் தேடிப் போவதற்கு முன் தாளைத் தேடு என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லுவார். அமெரிக்காவில் சிகாகோ போன்ற நகரங்கள், கொடுக்கும் ஒவ்வொரு கட்டட அனுமதியையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடுகின்றன. கூரை போடுபவரும் குழாய் வேலை செய்பவரும் அதைப் பார்த்தே வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள் என்று படித்தபோது, அப்பாவுக்கும் இதைச் செய்தால் என்ன என்று தோன்றியது.

நம் ஊரில் எல்லாவற்றையும் அப்படி ஒரே இடத்தில் கொட்டி வைத்திருக்கவில்லை. ஆனால் தாள் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கிறது. 1974-ஆம் ஆண்டின் சாலை, கால்வாய், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. வீடு விற்கும் மேம்பாட்டாளர் அந்த அனுமதியின் எண்ணையும், அதைக் கொடுத்த மன்றத்தின் பெயரையும் விளம்பரத்திலேயே அச்சிட்டாக வேண்டும். உரிம எண், எத்தனை வீடு, எந்த மாதம் கட்டி முடிப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதுதான் அந்த எறும்பு வரிசை. அடுத்தது, கட்டுமான இடத்து வேலியில் மாட்டியிருக்கும் பலகை. கட்டடக் கலைஞர், பொறியாளர், முதன்மைக் குத்தகையாளர் பெயரெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் 'தெடூ' இணையப் பக்கம். திட்டத்தின் பெயரைத் தட்டினால் வேலை ஒழுங்காகப் போகிறதா, தாமதமா, கைவிடப்பட்டதா என்று சொல்லிவிடும்.

இரண்டு வாரம் உட்கார்ந்து பதினொரு திட்டங்களைப் பட்டியல் போட்டேன். புதிதாக அனுமதி வாங்கிய இடங்களை முதலில் வைத்தேன். முந்திக்கொள்ள வேண்டும் அல்லவா! அப்பா மூன்று இடத்துக்குப் போய்வந்தார். மூன்றாவது இடத்துக் காவலாளி, "அங்கிள், இங்க இன்னும் பைலிங்கே முடியல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெயிலில் அலைந்து வந்த மனிதர் கோபப்படவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "பிளான் பாஸ் ஆனா மண்ணு அள்றவனுக்கு வேலை. எனக்குக் கடைசிலதான்மா" என்றார்.

எனக்கு அது புதுப்பாடம். நான் பார்த்தது பெயரை. பார்க்க வேண்டியது தேதியை. தரைவீடு என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 24 மாதத்துக்குள் சாவி கொடுக்க வேண்டும், அடுக்குமாடி என்றால் 36 மாதம். கிரில்காரருக்கு வேலை சாவி கொடுக்கும் வாரத்தில்தான். ஒரே தாமானில் இருநூறு வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் கதவையும் சன்னலையும் பார்த்துப் பயப்படுவார்கள்! ஆக, நான் பட்டியலின் அடியில் போட்ட திட்டங்கள்தான் அப்பாவுக்கு முதலில் வர வேண்டியவை. தேதி நெருங்கியதும் அவர் நேரில் போய்ப் பார்ப்பார். தார் போட்டாயிற்றா, மின்சார மீட்டர் பெட்டி வந்துவிட்டதா என்பது அவர் கணக்கு.

பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த இரவுதான் அந்தப் பழைய திட்டத்தின் பெயரையும் தட்டினேன்.

2018-இல் அப்பா ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கு 38 வீட்டுச் சன்னல் கிரில் செய்தார். குத்தகையாளருக்குக் கீழே ஒருவர், அவருக்கும் கீழே ஒருவர். அவர் வாயால் சொன்ன வேலை. பத்து வீட்டுக்கு மட்டும் முன்பணம். திட்டம் பாதியில் நின்றது, சொன்னவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அளவெடுத்துச் செய்த கிரில் வேறு வீட்டுக்குப் பொருந்தாது. இன்றும் பட்டறைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கின்றன. மழை இல்லாத நாளில் அம்மா அதில் துணி காயப்போடுவார்.

திரையில் 'தெர்பெங்காலாய்' என்று வந்தது. கைவிடப்பட்ட திட்டம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அப்பவே தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்தத் திட்டத்தின் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தது நான். 'கிரில் இலவசம்' என்ற வரியும் என் வாயிலிருந்து வந்ததுதான். வேலை வந்தபோது அப்பா அம்மாவிடம், "நம்ம பாப்பா ரேடியோல சொல்ற இடம்தான்" என்றாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்போதே தெரிந்திருக்குமா? பழைய நாளிதழைத் தேடி எடுத்தேன். பொடி எழுத்தில் முடிக்கும் மாதம் இருந்தது. அப்பாவிடம் கிரில் கேட்டது அந்த மாதத்துக்கு எட்டு மாதம் முன்பு. அன்று இரண்டாவது வரிசை வீடுகளுக்குக் கூரையே இல்லை, அப்பாவே பார்த்திருக்கிறார். தாளில் இருந்த தேதி அவருக்குத் தெரியாது, தரையில் இருந்த நிலை எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்த இருவர் பேசிக்கொண்டிருந்தால் போதும்.

அதன்பிறகு வேலை பிடிக்கும் பட்டியலுக்குப் பக்கத்தில், போகக் கூடாத இடங்களின் பட்டியலும் ஒன்று உண்டு. எந்த வேலைக்கும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து. 2014-இல் நடப்புக்கு வந்த கட்டுமானப் பணக் கொடுப்பனவுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்குத்தான் துணை நிற்கும், வாய்ப்பேச்சுக்கு இல்லை. அப்பாவுக்கு இது இன்னும் கூச்சம்தான். தெரிந்தவர் வீடென்றால் தாளை அம்மாவிடம் கொடுத்து நீட்டச் சொல்கிறார்.

நடுவில் ஒருவர், புதுத் தாமானில் வீடு வாங்கியவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் விலைக்குத் தருவதாகச் சொன்னார். எனக்குச் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. கட்டடத்தைப் பற்றிய விவரத்தை எல்லாரும் படிக்கலாம். ஆட்களின் எண் அப்படியல்ல, 2010-இலேயே தனிநபர் தரவுக்குச் சட்டம் வந்தாயிற்று. அப்பாவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. "யாருன்னே தெரியாதவன் ராத்திரி போன் பண்ணா நீ எடுப்பியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

போன ஆண்டு மேரு பக்கம் ஒரு தாமானில் சாவி கொடுத்த சனிக்கிழமை காலை, லோரியை நுழைவாயிலில் நிறுத்தி ஒரு மாதிரி கிரில்லைச் சாய்த்து வைத்தார். ஒன்பது வீடு கிடைத்தது. அடுத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு முன்பே ஆறு லோரி நின்றது. அவர்களும் தேதி பார்க்கிறவர்கள்போல.

போன ஞாயிறு நேரலையில் இருந்தபோது அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. காப்பார் சாலையில் மோட்டாரை நிறுத்தி எடுத்த திட்டப் பலகை. கோணலாக, பாதியைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. கூடவே குரல் பதிவு: "பாப்பா, தேதி தெரியுதா பாரு. தெரியலன்னா திரும்பிப் போயி எடுக்கிறேன்."

பாட்டு முடிய இரண்டு நிமிடம் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி கட்டைவிரலுக்கு அடியில்.