பெட்டிக்கு ஒரு விளம்பரம்

பத்திரிகை அலுவலகங்களில் ஆசிரிய பீடத்தாருக்கும் விளம்பரப் பிரிவினருக்கும் ஒத்துப்போவது அபூர்வம். நாம் நாள் முழுவதும் அலைந்து எழுதிய செய்தியை இரவு பத்து மணிக்கு வெட்டிக் குறுக்க வைப்பது விளம்பரம் என்பது எமது முறைப்பாடு. உங்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களது பதில். இரண்டு பக்கமும் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு 1982இல் கிடைத்தது. பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்துகொண்டே, மாலை வேளைகளில் கொழும்பிலிருந்த சிறிய கைப்பணிப்பொருள் நிறுவனமொன்றுக்கு விளம்பரங்கள் வடிவமைத்துக் கொடுத்தேன். முதலாளி எனக்கு 'ஆர்ட் டைரக்டர்' என்று பெயர் சூட்டியிருந்தார். ஒரு மேசை, ஒரு அடிமட்டம், ஒரு போத்தல் கறுப்பு மை, இரண்டு தூரிகைகள். இயக்குவதற்கு என்னைத் தவிர அங்கே வேறு எவரும் இல்லை.

அந்தக் காலத்தை இன்றைய வாசகர்களுக்குச் சற்றுச் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் லக்சல 1964இலேயே தொடங்கியிருந்தது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. ஆனால் 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு வந்து குவிந்த பிளாஸ்டிக் வாளிகளும் கூடைகளும் யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலேயே கடகத்தைப் பின்வாங்க வைத்துக்கொண்டிருந்தன. 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. இவற்றுக்கு நடுவேதான், பனையோலைப் பெட்டிகளைக் கொழும்பு நடுத்தர வர்க்கத்துக்கு விற்கலாம் என்று எமது முதலாளி நம்பினார். நல்ல மனிதர், சற்றுப் பயந்தவர்.

முதற் சிக்கல் புகைப்படம். ஓலைப்பெட்டியை நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் கையில் பார்க்க அழகாக இருக்கும். அதைப் பத்திரிகையில் அச்சிட, படத்தைப் புள்ளிகளாக உடைத்துத் துத்தநாகத் தகட்டில் 'புளொக்' செய்ய வேண்டும். பத்திரிகைக் கடதாசி முரடானது, மையை உறிஞ்சும். எனவே அங்குலத்துக்கு 65 முதல் 85 வரிகள் கொண்ட பருமனான புள்ளித்திரைதான் அதற்குப் பொருந்தும். பெட்டியின் பின்னலோ தானே ஒரு கட்டம் கட்டமான திரை. ஒரு திரைமேல் இன்னொரு திரை விழுந்தால் இரண்டும் மோதி, அலை அலையாக வேண்டாத கோலமொன்று எழும். பரிசோதனைப் பிரதியில் எமது பெட்டி, மழையில் நனைந்த கொசுவலைபோல் தெரிந்தது. திரையின் கோணத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அலை சாய்ந்ததே தவிர மறையவில்லை.

ஆகவே கோட்டுச் சித்திரம்தான் வழி. ஆனால் பெட்டியைக் கோடுகளால் வரைய, ஒவ்வொரு ஓலையும் எதன் மேலே ஏறி எதன் கீழே போகிறது என்று தெரிய வேண்டும். எனக்கு முன்னர் ஒரு விளம்பர முகவர் நிலையம் வரைந்து கொடுத்திருந்த படத்தில், பிரம்புக் கதிரையின் முதுகைப் போல ஓலைகள் நேர்குத்தாகவும் கிடையாகவும் ஓடின. அதன் ஆங்கில வாசகத்தைத் தமிழாக்கியவர் நீத்துப்பெட்டியைக் 'கூம்பு வடிவக் கூடை' ஆக்கியிருந்தார். பிட்டு அவித்த வீட்டில் பிறந்த எவரும் அதைப் படித்துச் சிரித்திருப்பர்.

யாழ்தேவி ஏறி ஊருக்குப் போனேன். நிறுவனத்துக்குப் பெட்டி இழைத்துக் கொடுத்த அம்மையார் ஒருவரின் திண்ணையில் இரண்டு நாட்கள் இருந்தேன். நான் கொப்பியை விரித்ததும், "தம்பி, கீறிறதெண்டால் முதலிலை ஒண்டை இழைச்சுப் பாருங்கோ" என்றார். வார்ந்த குருத்தோலையை என் கையில் தந்தார். அடி சதுரமாகத் தொடங்குகிறது. மூலையில் மடிந்த பிறகு ஓலைகள் சாய்ந்தே சுவரில் ஏறுகின்றன. வாய்க்கு வரும்போது பெட்டி வட்டமாகிவிடுகிறது. சதுரம் வட்டமாகும் அந்த இடத்தைத்தான் நான் வரைந்தேன். பெட்டி முழுவதையும் காட்டவில்லை. ஒரு மூலை, அதைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள், அவ்வளவுதான். கீழே பெட்டியின் பெயர், விலை, கடை விலாசம்.

அம்மையாரின் ஊர்ப்பெயரையும் போடவேண்டும் என்று நான் கேட்டேன். தேயிலைக்கு நுவரெலியா என்றும் பாய்க்கு தும்பறை என்றும் போடுகிறோமே, பெட்டிக்கு மட்டும் ஏன் ஊர் இல்லை? முதலாளி மறுத்துவிட்டார். ஊர் தெரிந்தால் நாளை இன்னொருவன் நேரே அங்கே போய்விடுவான் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. நடுவே நிற்பவனின் வியாபாரம், இரண்டு கரைகளும் ஒன்றையொன்று காணாதிருக்கும் வரைதான். ஆனால் கையால் செய்தது என்பதையே பெருமையாக விற்கும் ஒருவர், அந்தக் கை எந்த ஊரில் இருக்கிறது என்பதை மறைப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஊர்ப்பெயர் இல்லாமலே விளம்பரம் வெளிவந்தது.

பெட்டிகள் விற்றன. முதலாளி மகிழ்ந்து இரண்டாவது விளம்பரத்துக்கு நீத்துப்பெட்டியைத் தெரிவு செய்தார். அதற்காக மீண்டும் ஊருக்குப் போனபோது, முதல் விளம்பரம் வந்த பத்திரிகையையும் எடுத்துச் சென்றேன். அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மேல் விரலை வைத்து, மூலையிலிருந்து ஓலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "சரியாத்தான் கீறியிருக்கிறியள்" என்றார். பிறகு விரல் கீழே இறங்கி விலையில் நின்றது.

"தம்பி, உதிலை போட்டிருக்கிற விலை ஒரு பெட்டிக்கோ, பத்துக்கோ?"

ஒன்றுக்கு என்றேன். அவர் பத்திரிகையை மடித்து என்னிடம் தரவில்லை. தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதன்பிறகு வார வேண்டிய ஓலையைப் பற்றி மட்டும் பேசினார். நான் புறப்படும்போது, "உங்கடை முதலாளியாரை ஒருக்கால் இஞ்சை வரச்சொல்லுங்கோ" என்றார்.

கொழும்பு திரும்பி முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவர் நெடுநேரம் கணக்குச் சொன்னார். ரயில் கூலி, கடை வாடகை, கொழும்பின் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்து விற்க முடியாமல் போகும் பெட்டிகள் என்று எல்லாமே உண்மை. அவற்றைக் கழித்த பின்னும் பெட்டிக்குச் சிறிது கூட்டிக் கொடுக்க இடம் இருந்தது. அதையும் அவர் மறுக்கவில்லை. கடைசியில் துண்டுக்கு ஒரு சிறு தொகை கூட்டினார். ஊருக்கு மட்டும் அவர் போகவில்லை. அடுத்த விளம்பரத்தில் விலையைப் போடவேண்டாம் என்று எனக்கு அறிவுறுத்தினார்.

அதைச் செய்து கொடுக்க எனக்கு மனமில்லை. பத்திரிகை வேலை அதிகம் என்று சொல்லி விலகிக்கொண்டேன். நீத்துப்பெட்டி விளம்பரத்தை வேறொருவர் வடிவமைத்தார். விலை இல்லை, ஊர் இல்லை, பெரிய புகைப்படம் ஒன்று. புள்ளித்திரையில் பின்னல் வழமைபோல் அலையடித்திருந்தது. 1983 ஜூலையில் அந்தக் கடையும் எரிந்தது. முதலாளி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். 1990இல் யாழ்தேவியும் வடக்கே போவது நின்றது. 2014இல் அது மீண்டும் யாழ்ப்பாணம் போனபோது நானும் போய் அந்தத் திண்ணையைத் தேடினேன். அம்மையாரின் பேத்தி வீட்டில் இருந்தார். பெட்டி இழைக்கத் தெரியும் என்றார். இப்போது யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் நேரே வீட்டுக்கே வருகிறார்கள் என்றார்.