விலாவுக்குள் ஒரு கறுப்புப் பிறை

மைசூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இரவு உட்கார்ந்திருக்க இடம் வாங்கித் தந்தவர் அங்கேயுள்ள மூத்த மருத்துவர், சத்தியமங்கலத்துக்காரர். "பாருங்க சார், எழுதுங்க. படுக்கைக்கும் மெஷினுக்கும் நடுவுல மட்டும் நின்னுடாதீங்க" என்றார்.

பதினொன்றரைக்கு ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். பெங்களூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு இடமில்லை; பக்கச் சாலையில் வந்தவர், கரும்பு டிராக்டரின் பின்னால் மோதியிருக்கிறார். இடது விலாவுக்குக் கீழே ஹேண்டில் பதிந்த தடம். வெளியே பெரிதாக ரத்தமில்லை. நாடி 130.

சக்கரம் வைத்த ஸ்கேன் மெஷின் வந்தது. பயிற்சி மருத்துவர் ஜெல்லைத் தடவி, "உசுரு எள்கொள்ளி, ஹாகே ஹிட்கொள்ளி" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஈரல் கொஞ்சம் இறங்கி வரும். ப்ரோபை வலது விலாவில் வைத்ததும் திரையில் பட்டை பட்டையாகக் கறுப்பு. எனக்கு வயிறு கலங்கியது. அது விலா எலும்பின் நிழலாம். "கையை நகர்த்தாதம்மா, மணிக்கட்டை மட்டும் திருப்பு" என்றார் மூத்தவர். நிழல் விலகியது. சாம்பல் நிறத்தில் ஈரல், அதன் அடியில் அவரைவிதை போலச் சிறுநீரகம். இரண்டுக்கும் நடுவே ஒரு மடிப்பு. மாரிசன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பேரைச் சுமக்கும் அந்தப் பள்ளத்தில்தான் மல்லாந்து படுத்தவரின் மேல்வயிற்றில் கசிந்த ரத்தம் வந்து தேங்கும். நீர்மத்துக்குள் மெஷின் அனுப்பும் ஒலி எதிலும் மோதித் திரும்புவதில்லை. அதனால் திரையில் கறுப்பு. இவருக்கு அங்கே வெள்ளைக் கோடுதான். நான் பெருமூச்சு விட்டேன்.

இடப்பக்கம் கடினமானது. மண்ணீரல் இன்னும் மேலே, இன்னும் பின்னால். விரல் முட்டி மெத்தையில் உரசும் அளவுக்குக் கையைத் தாழ்த்த வேண்டும். பயிற்சி மருத்துவர் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே தேடி, "இல்லை மேடம்" என்றார். "அங்க தேடாத. இந்தப் பக்கம் அது முதல்ல மேலதான் போகும்." ப்ரோப் ஒரு விரற்கடை ஏறியது. உதரவிதானத்துக்கு அடியில், மண்ணீரலின் தலைமேல், மூன்றாம்பிறை மாதிரி ஒரு கறுப்பு. இதயத்தையும், சிறுநீர்க்குழாய் போடுவதற்கு முன்பே இடுப்புக்குழியையும் பார்த்தார்கள்; சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அதுவே ஜன்னல். நாலு இடம், மூன்று நிமிடம்.

சுமார் 200 மில்லியாவது, அதாவது ஒரு டம்ளர் ரத்தமாவது சேர்ந்தால்தான் திரையில் பெரும்பாலும் கண்ணில் படும். குடல் ஓட்டையும் முதுகுப்பக்கக் கசிவும் எளிதில் தப்பிவிடும். அதனால் 'இல்லை' என்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். முன்பெல்லாம், 1965-இல் வந்த முறைப்படி வயிற்றில் துளையிட்டு, உப்புநீர் விட்டு, திரும்பி வருவது சிவப்பா என்று பார்ப்பார்கள். எழுபதுகளில் ஜெர்மனியில் ஸ்கேன் அந்த வேலைக்கு வந்தது. இந்தச் சோதனைக்கு 'ஃபாஸ்ட்' என்ற பேர் தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஒட்டியது. இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டதே 2009-இல்தான்.

என்னை வியக்க வைத்தது கண்ணின் கூர்மை அல்ல, அடக்கம். எந்த உறுப்பு, எவ்வளவு கிழிசல் என்று பயிற்சி மருத்துவர் துழாவத் தொடங்கியதும் மூத்தவர் ப்ரோபை வாங்கி வைத்துவிட்டார். "தண்ணி இருக்கா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி." பிரஷர் 80-க்கு இறங்கியிருந்தது. இறங்காமல் இருந்திருந்தால் சி.டி. எடுத்திருப்பார்கள். நேரே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மெஷினுக்கு மேலே சுவரில் அதன் பதிவுச் சான்றிதழ். பக்கத்தில், கருவின் பாலினம் கண்டறிவது குற்றம் என்ற பலகை. 1994-ஆம் வருடச் சட்டம். இந்த மெஷினை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போகலாமே என்றேன். நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது சார், அதற்கும் விதி இருக்கிறது என்றார் மூத்தவர். பெண் சிசுவைக் காக்க வந்த பூட்டு இந்த அறையிலும் தொங்குகிறது.

இரண்டு மணிக்கு, மாடிப்படியில் உருண்ட ஒரு முதியவர். மாரிசன் பள்ளம் முழுக்கக் கறுப்பு. நான் எழுந்துவிட்டேன். மூத்தவர் அவருடைய மஞ்சள் கண்ணையும், பானை போன்ற வயிற்றையும், நிதானமான நாடியையும் பார்த்தார்.

"எத்தனை வருஷமா குடி?" என்று கன்னடத்தில் கேட்டார். முதியவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், பத்து விரல். பிறகு இன்னொரு முறை.

"மெஷினுக்கு ரத்தமும் கறுப்பு, குடியால வயித்துல தேங்குற தண்ணியும் கறுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஊசி கொண்டுவரச் சொன்னார், கொஞ்சம் உறிஞ்சி நிறம் பார்க்க.