மீன் விழுவதற்கு முன்

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பொன்னேரி தாண்டியதும் காற்றில் உவர்ப்பு ஏறும். இன்னும் கொஞ்சம் போனால் கருவாட்டு வாசனை எதிரே வந்து அழைத்துப் போகும். பழவேற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் ஏரியைப் பார்க்க வந்ததாகத்தான் சொல்வார்கள். வண்டியை நிறுத்தியதும் கேட்பது நண்டு என்ன விலை என்று. அந்தக் கூட்டத்தில் போன வாரம்தான் வீகனாக மாறிய ஒருவர் இருந்தால் மதியம் அவர் என்ன சாப்பிடுவார்?

சாப்பாட்டுக் கடையில் ‘வீகன்’ என்று சொன்னால் எதிரே ஒரு புன்னகை வரும், அவ்வளவுதான். உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

“சைவமா தம்பி?”

“சைவந்தாங்க்கா. ஆனா தயிர், மோர், நெய் எதுவும் வேணாம்.”

“அப்ப காரக்குழம்பு ஊத்திக்குங்க. ரசம் இருக்கு. பொரியல் இருக்கு. இதுல எங்க நெய் வருது!”

அந்த அக்காவின் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

வீகன் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் பால், முட்டை இரண்டையும் விட்ட சைவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது பிறந்த சொல் அது. தமிழில் சிலர் நனிசைவம் என்கிறார்கள். மீன், கறி, முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய், தேன் எல்லாம் விலக்கு. நம் ஊர்ச் சைவத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு மாட்டுத் தொழுவமே நிற்கிறது. பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று வாங்கினால், உள்ளே பால் பவுடர் இருக்கும். அதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் வீகன் உணவுக்கென்று தனிப் பச்சை இலச்சினை கொண்டுவந்தது.

சைவ வீட்டிலிருந்து வீகனுக்குப் போவது எளிது, மீன் வீட்டிலிருந்து போவது கடினம் என்று ஊரே நினைக்கிறது. அடுப்படியில் நின்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. சைவச் சமையலில் நெய் பருப்பில் இருக்கும், பொங்கலில் இருக்கும், ரசத்துத் தாளிப்பில் இருக்கும். அவியலில் தயிர், மோர்க்குழம்பில் மோர். கடைசியில் தயிர்ச்சாதம் இல்லாமல் இலையை மடிக்கத் தெரியாது. கடலோரச் சமையல் நல்லெண்ணெயிலும் புளியிலும் தேங்காயிலும் நடப்பது. போதாததற்கு, மீனோடு தயிரோ பாலோ சேர்க்கக் கூடாது என்று பாட்டிமார் போட்ட தடை வேறு. மருத்துவம் அதை ஒப்புக்கொள்ளுமா என்பது இருக்கட்டும். அந்தத் தடையின் பயனாக மீன் சமைக்கிற நாளில் இலைக்குப் பால் சமாச்சாரம் வருவதே இல்லை. அந்த இலையிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துவிட்டால் மிச்சம் முழுவதும் வீகன்.

மீன் குழம்பு வைக்கிற வரிசையைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. மண் சட்டி காய்ந்ததும் நல்லெண்ணெய். வெந்தயம் சிவக்க வேண்டும், கருகக் கூடாது. கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். பிறகு சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி. மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் எண்ணெயில் ஒரு புரட்டு. கரைத்து வடிகட்டிய புளி, உப்பு. அப்புறம் பொறுமை. பச்சை வாசனை போய், குழம்பு சுண்டி, ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்கும்வரை கொதிக்கும். அரை மணி நேரம் நடந்த வேலை இது. மீன் விழுவது இதற்கெல்லாம் பிறகு. விழுந்து ஐந்து, பத்து நிமிடத்தில் சட்டி இறங்கிவிடும். மீன் குழம்பு என்று பெயர் வாங்குகிற சட்டி, தன் ஆயுளில் பெரும்பகுதி வீகனாகத்தான் கொதிக்கிறது.

(குழம்பைச் சிவக்க வைக்கிற மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மிளகாயைப் போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கடல் வழியே கொண்டுவந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய துறைகளில் பழவேற்காடும் ஒன்று. புதியதை மறுக்காத அடுப்பு அது.)

சட்டி அந்த நிலையில் நிற்கும்போது மீனுக்குப் பதில் என்ன போடுவது என்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவரின் கேள்வி. அதற்குப் பதிலைக் காலண்டரே வைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் கரையேறிவிடும். ஏரியில் சிறு படகுகள் வலை வீசினாலும் சந்தைக்கு வரத்து குறையும், விலை ஏறும். விலை ஏறின மீன் பிடித்தவர் வீட்டுக் குழம்பில் விழாது, கூடையில் ஏறி நகரத்துக்குப் போகும். அதே இரண்டு மாதம்தான் மாங்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் பருவம். மாங்காய், கத்திரிக்காய், ஊறவைத்து அவித்த மொச்சை மூன்றும் விழுந்த காரக்குழம்பை மறுநாள் பழைய சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டவர் மீனைத் தேடமாட்டார் என்று சொன்னால் மீனவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் சிரிப்பார்கள்.

தடைக்காலம் மட்டுமா? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிற நாளில் இவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் போக முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அதுதான் நடந்தது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டாலும் படகு கரையில்தான். ஆக, மீனில்லாத நாளுக்குச் சமைக்கத் தெரியாமல் எந்த மீனவக் குடும்பமும் காலம் தள்ளியிருக்க முடியாது.

துண்டாகக் கடிக்க ஏதாவது வேண்டும் என்கிறவர்களுக்குப் பருப்பு உருண்டை. கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வரமிளகாய், சோம்பு சேர்த்துத் தண்ணீர் தெளிக்காமல் கரகரப்பாக அரைத்து, வெங்காயம் கலந்து உருட்டி இட்லித் தட்டில் வேகவைத்துக் கொதிக்கும் குழம்பில் விட வேண்டும். மீன் போட்ட பிறகு கரண்டி விடக் கூடாது; துணியால் சட்டியை இரு பக்கமும் பிடித்து மெல்ல ஆட்டிச் சுழற்ற வேண்டும் என்பது கடலோர வீடுகளின் பாலபாடம். உருண்டைக்கும் அதே விதி. கரண்டி பட்டால் உடைந்துபோகும்.

வறுவலுக்கு வாழைக்காய். மீன் துண்டுபோல் சாய்வாக, கொஞ்சம் கனமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அரை வேக்காட்டில் எடுத்து, மிளகாய்த் தூள், சோம்புத் தூள், அரிசி மாவு, எலுமிச்சைச் சாறு பூசிப் பத்து நிமிடம் வைத்துத் தோசைக்கல்லில் இரு பக்கமும் சிவக்க விட்டால் போதும். சேனைக் கிழங்கு இன்னும் பொருத்தம், நாக்கு அரிக்காதபடி புளித் தண்ணீரில் வேகவைத்தால். கருவாட்டுக் குழம்பின் அந்த அழுத்தமான ருசிதான் மறக்க முடியவில்லை என்றால் மாவற்றல், கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல் இருக்கின்றன. கருவாட்டைக் காயவைத்த அதே உப்பும் அதே வெயிலும்தான் இவற்றையும் காயவைத்தன. சுண்டை வற்றலைப் பெரும்பாலும் மோரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள்; மோர் மிளகாய்க்குப் பெயரிலேயே மோர் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

காலை உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இட்லி, தோசை, புட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், எல்லாம் ஏற்கெனவே வீகன். ஆடியில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றுகிற கூழ், முந்தின நாள் கரைத்துப் புளித்த கேழ்வரகும் நொய்யும். மோர் விடாமல் கரைத்து, கருவாட்டுக்குப் பதிலாக முருங்கைக்கீரைப் பொரியலும் சின்ன வெங்காயமும் வைத்துக்கொண்டால் காலை முடிந்தது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியும் கறி சேர்க்காதபோது அரிசி, பாசிப் பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், புதினா என்று முழுக்கச் செடியிலிருந்து வந்தது. கத்தோலிக்கரின் தவக்காலம் மட்டும் இங்கே உதவாது. வெள்ளிக்கிழமை இறைச்சிதான் விலக்கு, மீனைத் திருச்சபை இறைச்சியில் சேர்ப்பதில்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையினர் இதில் கறாரானவர்கள். புதன், வெள்ளி நோன்பில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோல் சுட்டு, மேலே பருப்பும் காயும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஆட்கள் உட்கார்ந்தால் சட்னி கேட்பார்களே தவிர, அந்நியமாக உணரமாட்டார்கள்.

இவ்வளவு எளிதென்றால் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? காலைக் காபியில். மீனை ஒரே நாளில் விட்டவர்கூட பால் காபியிடம் மூன்றாம் நாள் சரணடைந்துவிடுகிறார். கருப்பட்டி போட்ட வரக்காபியோ சுக்குக் காபியோ ஒரு மாதத்தில் பழகும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். தயிருக்கு வேர்க்கடலை. ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் காம்போடு நாலைந்து மிளகாயைப் போட்டு இரவு முழுக்க மூடிவைத்தால் உறையும். பசுந்தயிர் மாதிரி இருக்காது. தாளித்துச் சாதத்தில் பிசைந்தால் குறை தெரியாது.

உடம்புக்கும் ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம். உலர்ந்த பயறு, பருப்பு வகைகளிலும் அதே எடைக்கு 20 கிராமுக்கு மேல் உண்டு, ஆனால் வேகும்போது தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடும். அதனால் சாம்பாரில் மிதக்கும் நாலு பருப்பு போதாது. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ சுண்டலோ தினமும் வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடைப் பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் வேண்டும். மீனோடு போன ஒமேகா-3-இல் ஒரு பங்கை ஆளி விதைப் பொடி ஈடுகட்டும். ஈடுகட்ட முடியாத ஒன்று பி12. பழைய சோற்றில் இருக்கிறது, கூழில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள்; அதை நம்பி உட்காரக் கூடாது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே வழி.

ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து அன்றாடம் கழிக்கிற இருளர் பெண்களிடம் போய் மீனை விடுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. இது தட்டில் தேர்வு செய்ய வசதி உள்ளவர்களுக்கான பேச்சு. அவர்கள் வீட்டிலும் ஒருவர் மட்டும் மாறியிருப்பார், மற்றவர்கள் மாறியிருக்கமாட்டார்கள். இரண்டு சமையலா என்று அம்மாவுக்கு அலுப்பு வரும். தனிச் சமையல் வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது, மீன் போடுவதற்கு முன் நான்கு கரண்டி எடுத்து ஒரு சின்னச் சட்டியில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு துண்டு மாங்காயும் வெந்த மொச்சை ஒரு பிடியும் போட்டு இன்னொரு கொதி விடுங்கள். கரண்டியை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.