தாமல்செருவுக் கணவாய்

திருப்பதியிலிருந்து சந்திரகிரி வழியாகப் பாகாலா ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து சாலையில் கொஞ்ச தூரம் போனால் தாமல்செருவு. கோடையில் டிராக்டர்களில் வந்து குவியும் மாங்காய்தான் இன்று ஊரின் அடையாளம். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் 1740 மே 20 அன்று இங்கே மராட்டியரோடு நடந்த சண்டையில்தான் உயிரிழந்தார். ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் இந்த இடம் ‘டமல்செர்ரி’ ஆகிவிட்டதால், பெயரைக் கேட்டும் ஊரை அடையாளம் காணாதவர்கள் உண்டு.

சண்டைக்கான காரணம் தெற்கே, காவிரிக்கரையில் தொடங்கியது. நவாபின் மருமகன் சந்தா சாகிப், ராணி மீனாட்சியிடமிருந்து திருச்சியைப் பறித்துக்கொண்டு தஞ்சாவூரையும் நெருக்கினார். தஞ்சையை ஆண்டவர்கள் போன்ஸ்லே மராட்டியர். மராட்டியருக்கு வராத சௌத் வரிப் பாக்கியும் சேர்ந்துகொள்ள, மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே பெரும் குதிரைப்படையோடு கிளம்பினார். 50,000 குதிரைகள் என்று அந்நாளில் பேசப்பட்டது. பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அது நவாபிடம் இருந்ததைவிட அதிகம். அவருடன் இருந்தவர்கள் சுமார் 10,000 பேர். மூத்த மகன் சப்தர் அலியின் படை வந்து சேரவில்லை. சந்தா சாகிபும் வரவில்லை.

ஆள் குறைவாக இருக்கும்போது கணவாயை அடைத்து நிற்பது தவறான யோசனை இல்லை. குறுகிய வழியில் குதிரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பு குறைந்துவிடும். நிலம்தான் அதற்கு ஒத்துழைக்கவில்லை. திருமலை மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல எழுந்து நிற்கிறது. ஆனால் பாகாலாவைத் தாண்டி மேற்கே போகப் போக மலைகள் துண்டுபட்டுக் கிடக்கின்றன. பாறைக்குன்று, அடுத்து ஓர் ஏரி, ஓர் ஓடை, மறுபடி ஒரு குன்று. ஒரு வாயிலை அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கும். இந்தச் சாலையில் ஒருமுறை போய்வந்தாலே நவாபின் திட்டத்தில் இருந்த ஓட்டை புரிந்துவிடும்.

இன்னொரு கணவாயின் காவல் வேறொரு தலைவரிடம் விடப்பட்டிருந்தது. அவர் மராட்டியருக்கு வழிவிட்டார் என்றே பழைய வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அவ்வழியே இறங்கிய குதிரைகள் சுற்றிக்கொண்டு பின்புறமாக வந்தன. மழை கண்ணை மறைத்தது. தெற்கிலிருந்து ஒரு படை வருவதாகச் செய்தி வந்தபோது, ஆற்காட்டுத் திசையிலிருந்து மகன்தான் வருகிறான் என்று நவாப் நினைத்தார். எதிர்பார்த்துக் காத்திருந்த தகப்பன் வேறு எப்படி நினைப்பார்? உண்மை தெரிந்தபோது படையைத் திருப்பி நிறுத்த நேரமில்லை. தோஸ்த் அலியும் இன்னொரு மகன் ஹசன் அலியும் களத்தில் மாண்டார்கள். திவான் மீர் ஆசாத் சிறைப்பட்டார்.

இதே வகைக் குழப்பம் வேறொரு களத்திலும் நேர்ந்தது. 114 ஆண்டுகள் கழித்து, 1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியாவின் பாலக்லாவாவில் நடந்த பிரிட்டிஷ் குதிரைப்படையின் பாய்ச்சல் உலகப் புகழ் பெற்றது. குன்றின்மேல் நின்ற தளபதி ராக்லன் பிரபு தம் ஆணையில் எந்தப் பீரங்கிகளைச் சொன்னார் என்பது கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்குத் தெரியவில்லை. ஆணையைக் கொண்டுவந்த கேப்டன் நோலனும் அதைத் தெளிவாக்கவில்லை. சுமார் 670 பேர் தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் இறந்தார்கள். அங்கே பாய்ந்தவர்கள் அழிந்தார்கள், இங்கே பாய்ச்சலை எதிர்கொண்டவர்கள் அழிந்தார்கள். இருந்தாலும் இரண்டு இடத்திலும் வீரம் குறையவில்லை. நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டதுதான் கேடாக முடிந்தது.

தாமல்செருவில் விழுந்த அடி சமவெளி முழுவதையும் ஆட்டியது. ஆற்காடு கொள்ளை போனது. நவாபின் விதவை சில நாட்களிலேயே புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் துய்மா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். சப்தர் அலி பணம் தருவதாக ஒப்புக்கொண்டு மராட்டியரோடு சமாதானம் செய்துகொண்டார். 1741 மார்ச்சில் திருச்சி வீழ்ந்தது. மாமனாருக்கு உதவ வராத சந்தா சாகிப் மராட்டியரின் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார்.