காலண்டர் தாளின் பின்பக்கம்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் வரைய வருபவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். நான் போன காலையில் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் சிலர் இருந்தார்கள். ஒரு பள்ளி ஓவிய ஆசிரியை இருந்தார். ஒரு காலத்தில் ஊர்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய பெரியவர் ஒருவரும் இருந்தார். விடுமுறை நாட்களில் இவர்கள் எங்காவது கூடி உட்கார்ந்து வரைகிறார்கள். தலைவர், சந்தா எதுவும் இல்லை. அடுத்து எங்கே என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்பார், மற்றவர் ஊர்ப்பெயரைப் போடுவார், அவ்வளவுதான்.

இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் இது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முன்மண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகவே செதுக்கப்பட்டிருக்கிறது. அதை வரைய உட்கார்ந்த ஒரு மாணவி குதிரையைத் தொடவே இல்லை. சக்கரத்தின் அடியில் விழுந்திருந்த நிழலின் ஓரத்தைத்தான் மங்கலான பென்சிலால் முதலில் குறித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “வெயில் நகர்ந்துடும் சார். தேர் எங்கயும் போகாது.”

தளத்தில் அமர்ந்து வரைவதன் பாதித் தொழில்நுட்பம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அரைமணி நேரம் குதிரையின் பிடரியில் லயித்துவிட்டு நிழலுக்கு வந்தால், அது வேறொரு நேரத்து நிழலாகியிருக்கும். பிறகு படத்தில் இரண்டு சூரியன் இருப்பதுபோல் ஆகிவிடும். அதனால் ஓடக்கூடியதை முதலில் பிடித்துவிட்டு, நிற்பதைப் பிறகு நிதானமாக வரைகிறார்கள்.

அளவெடுப்பதற்கும் ஒரு விதம் உண்டு. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் மேல் கட்டைவிரலை நகர்த்தி, சக்கரத்தின் உயரம் தூணில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்கிறார்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் கணக்கு தப்பிவிடும். பிறகு நீர்வண்ணம். இதில் வெள்ளைப் பூச்சு கிடையாது, தாளின் வெள்ளைதான் வெளிச்சம். எங்கே தொடாமல் விடப்போகிறோம் என்பதைத் தூரிகை எடுக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். மழைக்காலத்தில் காவிரிக் கரை ஈரத்தில் வண்ணம் காயாமல் அடுத்த நிறத்தோடு கலந்துவிடும், சித்திரை வெயிலில் தூரிகை தாளை விட்டு எழும் முன்பே காய்ந்துவிடும் என்றார்கள். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் விலை அதிகம். ஒரு முழுத்தாளை வாங்கிக் கிழித்துப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

ஓவிய ஆசிரியை ரிஷபகுஞ்சரம் முன்னால் இருந்தார். காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. ஓர் உடலைக் கையால் மறைத்தால் மற்ற விலங்கு தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை மறைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் அந்தத் தலையை மட்டும் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்திருந்தார். இரண்டு விலங்குக்கும் பொதுவாக வேலை செய்யும் கோடு எது என்பது, அந்தக் கோட்டைத் தன் கையால் இழுத்த பிறகுதான் தெரிந்தது என்றார். தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த விகடன் தொகுப்புகளில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பக்கங்களைப் பார்த்து வரைந்துதான் அவர் கோடு பழகினாராம். சில்பி என்று கையெழுத்திட்ட பி. எம். சீனிவாசன் கோயில் கோயிலாகப் போய், சிலை முன்னால் உட்கார்ந்து வரைந்து, அந்தச் சிற்பங்களை வாசகர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர். தமிழில் பயணச் சித்திரம் என்றொரு மரபை எழுதுபவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். 2007இல் சியாட்டில் நகரத்தில் கேப்ரியல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இடத்திலேயே இருந்து, நேரில் கண்டதை வரைய வேண்டும் என்பதே அதன் முதல் விதி. சில்பி அந்த விதியை அதற்கு எத்தனையோ காலம் முன்பே கடைப்பிடித்தவர்.

வெயில் ஏறியதும் கும்பகோணத்துக்கு வந்து பெரிய கடைத்தெருவில் பாத்திரக் கடைகளுக்கு எதிரே நிழல் தேடி உட்கார்ந்தார்கள். அங்கேதான் பெரியவரின் அருகில் இடம் கிடைத்தது. மாணவர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். தகரப் பலகைக்கு இரண்டு கை வண்ணம் அடித்து, காய்ந்ததும் சுண்ணாம்பு தோய்த்த நூலைத் தெறித்துக் கோடு போட்டு, எனாமலில் எழுத்து எழுதிய கை அவருடையது. ஃப்ளெக்ஸ் வந்தது, வேலை நின்றது. இதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. இப்போது ஒரு லாட்ஜில் இரவுக் காவல் பார்க்கிறார்.

அவருடைய பையில் தினத்தாள் காலண்டரின் கிழித்த தாள்கள், மாதவாரியாக நூலில் கோத்த கட்டுகளாக இருந்தன. முன்பக்கத்தில் தேதி, நல்ல நேரம், ராசி பலன். வெறுமையான பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அன்றைக்கு அவர் வரைந்த ஒரு பொருள். லாட்ஜின் சாவிக் கொத்து. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். டபராவில் பாதி ஆறிய காபி. மின்சாரம் போன இரவில் டார்ச்சின் வட்டத்துக்குள் படிக்கட்டு. ஏதோ ஊரிலிருந்து கல்யாணத்துக்கு வந்து அறை கிடைக்காமல் பெட்டிமேல் தூங்கும் குடும்பம். பயணம் போகிறவர்கள்தான் பயணச் சித்திரம் வரைவார்கள் என்று நினைத்திருந்தேன். பயணிகள் வந்து போகும் இடத்தில் இருந்தபடியே ஒருவர் அதை வரைந்துகொண்டிருக்கிறார். எதை வரைவது என்று யோசிக்க மாட்டீர்களா என்று கேட்டேன். “தாள் கிழிச்சாச்சுன்னா வரைஞ்சுதானே ஆகணும்” என்றார். நாளும் வரைபவர்களுக்குப் பெரிய பிரச்சினை தொடங்குவதுதான். அந்தத் தொடக்கத்தை அவர் காலண்டரிடம் ஒப்படைத்துவிட்டார். நான் கேள்விப்பட்ட யோசனைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

எழுத்து விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். கடையை அழகாக வரைந்த ஒரு மாணவர் பெயர்ப்பலகையில் மட்டும் புழு நெளிவதுபோல் கிறுக்கியிருந்தார். “எழுத்தும் கட்டடந்தான் தம்பி. கதவை இப்படிக் கிறுக்குவியா?” என்று கேட்டு, ழகரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும், கொம்பு எங்கே இறங்க வேண்டும் என்று தாளின் ஓரத்தில் காட்டினார். மாணவர் அந்தப் பலகையை மட்டும் மறுபடி வரைந்தார். தெரு சட்டென்று கும்பகோணமாகிவிட்டது. அதுவரை அது எந்த ஊர்த் தெருவாகவும் இருந்திருக்கலாம். போனில் எடுத்த படத்தை வீட்டில் வைத்து வரைந்திருந்தால் இந்தத் திருத்தம் நடந்திருக்காது. பக்கத்தில் மாஸ்டர் இருந்திருக்க மாட்டார்.

இப்போது அவர்கள் 2028 மகாமகத்துக்குத் தயாராகிறார்கள். 2016 மகாமக நெரிசலில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை என்று ஆசிரியை சொன்னார். அதனால் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் இப்போதே பங்கிட்டு வரைந்து பழகுகிறார்கள். மண்டபம் கைக்கு மனப்பாடமாகிவிட்டால், அன்றைக்கு மனிதர்களை மட்டும் வரைந்தால் போதும்.

மாஸ்டர் மண்டபம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கையால் எழுதிய பலகைகள் அதற்குள் எத்தனை மிஞ்சுமோ என்று, ஊரில் எஞ்சியிருப்பவற்றை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கியிருக்கிறார். சில அவரே எழுதியவை. நிழலை முதலில் வரைந்த அந்த மாணவியும் கூடப் போகிறார். எந்தப் பலகைக்கு என்ன வண்ணம் குழைத்தார், எந்த எழுத்தை எந்தக் கடைக்காரர் பெரிதாகக் கேட்டார் என்று அவர் சொல்லச் சொல்ல, மாணவி தன் படத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்.